செம்பூர் மேடைக்கு இசக்கியுடன்

சனிக்கிழமை காலை எட்டரைக்கு மாட்டுங்காவில் சித்தி வீட்டிலிருந்து கிளம்பினேன். தாராவிக்கு டாக்ஸியில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, அறுபது ரூபாய். சென்னையில் சுகாதாரத் துறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். நடுவில் சில காலம் தாராவிப் பெண்களுக்குக் காசநோய்ப் பணியில் பயிற்சி கொடுத்தேன். அவர்களில் ஒருத்தி இசக்கியம்மாள். இன்று அந்த வட்டாரக் காசநோய்ப் பணிப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. செம்பூரில் அவளுக்குப் பாராட்டு விழா; அழைத்துப் போக வந்திருந்தேன்.

சந்து முனையில் நின்றாள். மிகவும் மெலிந்திருந்தாள். அவளை ஏற்றிக்கொண்ட டாக்ஸி சயானைத் தாண்டியதும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, எனக்கே டி.பி. வந்துட்டு. மூணு மாசமா மாத்திரை திங்கேன். சளியில இப்ப கிருமி இல்லையாம். சென்டர் டாக்டரம்மாவ விட்டா வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். மகளுக்கு மாப்பிள்ள பாத்து ரிஷ்தா பேசுதோம். வெளிய தெரிஞ்சா போச்சு."

"மறைக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நீ."

"சொன்னவளுக்கும் மக இருக்கால்லா?"

செம்பூர் எட்டு கிலோமீட்டர். நெரிசலில் முக்கால் மணி நேரம், இருநூற்றுப் பத்து ரூபாய். மண்டபத்தில் இசக்கியின் சந்துப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொன்ன டாக்டரம்மாதான் விழாவையும் நடத்தினார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், ஏசி ஹால். சீஃப் கெஸ்ட் சங்கடப்படுவார். இசக்கி கீழேயே உட்காரட்டும். ஷாலை அங்கேயே போர்த்திடலாம்."

நான் கத்தினேன். "மூணு மாசமா மருந்து சாப்பிடறா! கிருமியே இல்லை! டி.பி. வந்தவளை மேடையேத்த மாட்டேன்னு சொல்ல நீங்க ஒரு டாக்டரா?"

மைக் இல்லாமல் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது. டாக்டர் மன்னிப்புக் கேட்டார். இசக்கியை மேடையில் உட்கார வைத்தார்கள். முன்வரிசைப் பெண்கள் ஒருத்தி காதில் ஒருத்தி குனிந்தார்கள். இசக்கி நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

டாக்ஸியிலேயே திரும்பினோம். சந்து முனையில் இறங்கியதும் ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"நான் உங்ககிட்ட மேடையாக்கா கேட்டேன்? நாளைக்குக் காலைல மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாரதா இருக்கு. வாராவளான்னு பாப்போம்."

மாலை தாதரில் சென்னை ரயில் ஏறினேன். பலமுறை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. ஞாயிறு மாலை, ரேணிகுண்டா தாண்டும்போது அவள் கணவர் எடுத்தார்.

"அவுக வரல. இனி நீங்க போன் போடாதிய."

பெண்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்க வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். செம்பூரில் இசக்கியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.