கிள்ளைச் சேற்றில் எடுத்த மண்

நான் வேதியியல் படித்தவள். கடலூர் செம்மண்டலத்தில் வீடு. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஏழு வருடம் தண்ணீரைச் சோதித்தேன். அலையாத்திக் காட்டுச் சேற்றில் எவ்வளவு கார்பன் தங்கியிருக்கிறது என்று அளக்கும் திட்டமொன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்த வேலையை விட்டுவிட்டேன். நிரந்தர வேலையை உதறிவிட்டுச் சேறு மிதிக்கப் போகிறாள் என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. அளப்பது எனக்கு வரும். எதை அளந்தால் என்ன?

காற்றிலிருந்து மரம் இழுத்த கார்பன், இலையாகவும் வேராகவும் சேற்றுக்குள் போகிறது. காற்றுப் புகாத, உப்புத் தண்ணீர் ஊறிய அந்தச் சேற்றில் அது சீக்கிரம் மக்குவதில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடக்கும். நாங்கள் ஆளுயர இரும்புக் குழாயைச் சேற்றில் இறக்கி, உள்ளே சிக்கும் மண்ணைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுபோய், காயவைத்து உலையில் எரிப்போம். எடை எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து கணக்குப் போடுவோம்.

அளப்பதோடு, புதிதாக அலையாத்திக் கன்று வைத்துக் காடு வளர்ப்பதும் திட்டத்தில் இருந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைப் பக்கம் ஒரு சேற்றுத் திட்டில் கன்று நடுவதென்று திட்டத் தலைவர் முடிவு செய்திருந்தார். மரமே இல்லாத வெற்றிடம், படகும் சுலபமாகப் போகும். அங்கே எங்களுக்குப் படகு தள்ள வந்தவர், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஓர் அக்கா. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தி மணிக்கணக்கில் தடவுவார். நாங்கள் எல்லைக்கு மூங்கில் ஊன்றுவதை முதல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போதுதான் என்னிடம் மட்டும் சொன்னார்.

"இங்க செடி வச்சா நாங்க எங்கம்மா போயி தடவுறது? அதுவும் நிக்காது. கடல் ஏத்தத்துல இந்த எடமே முழுகிடும்."

பிறகு எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். மறுநாள் அவரே கூட்டிக்கொண்டு போனார். காட்டின் உட்புறம், பட்ட மரங்கள் நிற்கிற ஒரு பொட்டல். வாய்க்கால் தூர்ந்து கடல் தண்ணீர் ஏறாமல் போய்விட்டதாம். தரையில் உப்பு பூத்து வெளுத்திருந்தது. குழாயை இறக்கினோம். மேலே வறண்ட மண். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று, வேர் நார்களோடு, அழுகிய முட்டை வாடையோடு பழைய காட்டின் மண் வந்தது. பொட்டல் காயக் காய, இந்த மண்ணும் மக்கித் திரும்பக் காற்றுக்கே போய்விடும். புதிதாகச் சேர்ப்பதற்கு முன்னால், இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

நடவைப் பொட்டலுக்கு மாற்றி, தூர்ந்த வாய்க்காலை வெட்டிவிடலாம் என்று தலைவரிடம் சொன்னேன். இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, யாரோ சொன்னார்கள் என்று மாற்ற முடியாது என்றார். இரண்டு இடத்து மண்ணையும் எரித்துப் பார்த்த முடிவுகளை மேசையில் வைத்தேன். அதோடு, ஏற்றத்தின்போது ஒருமுறை திட்டுக்கு வந்து நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வந்தார். மூங்கில் நுனி மட்டும் தெரிய, அவர் மார்பளவு தண்ணீரில் நின்றார். பக்கத்தில் அக்காவும் இன்னும் நாலு பெண்களும் தங்கள் பாட்டுக்கு இறால் தடவிக்கொண்டிருந்தார்கள்.

படகில் ஏறியதும் தலைவர், "வாய்க்கால் வெட்டிடலாம்" என்றார்.

மூங்கில்களைப் பிடுங்கினோம். அந்தப் பெண்களும் அவர்கள் வீட்டு ஆண்களும்தான் கூலிக்கு வாய்க்கால் வெட்டினார்கள். எந்தக் கிளை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தண்ணீரின் போக்கைப் பார்த்து அக்கா சொல்ல, நான் வரைபடத்தில் குறித்தேன். ஏற்றத் தண்ணீர் முதல் தடவை பொட்டலுக்குள் நுழைந்தபோது யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அது எதுவரை போகிறது என்று பார்த்தபடியே கூட நடந்தோம்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. நாங்கள் நட்டது போக, தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த விதைகளும் தாமாக முளைத்து முழங்கால் உயரம் நிற்கின்றன. மண்ணைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மேல்மண்ணிலும் ஈரமும் கருமையும் வரத் தொடங்கியிருக்கின்றன. கணக்கில் பெரிதாகக் காட்ட இன்னும் பல வருடம் ஆகும். ஆனால் ஒரு நாள் காட்டும்.

இப்போது கடலூர் உப்பனாற்றங்கரையில் புது இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கருவிகளை எடுத்து வைப்பதற்கு முன்பே, அந்த ஆற்றில் யார் யார் இறங்கிப் பிழைக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.