வருடா வருடம் புதிதாய்ச் சேர்ந்தவள்

மன்னாரில் நண்டுச் சதை எடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் ஐந்து முறை வேலைக்குச் சேர்ந்தேன். ஒருமுறைகூட அந்த வேலையை நான் விட்டதில்லை என்பதுதான் வேடிக்கை.

விஷயம் இதுதான். ஆண்டுதோறும் ஊரவருக்குப் புது வேலை கொடுத்தால் கொம்பனிக்கு வரிச் சலுகை. புது ஆட்களுக்கு மனேஜர் எங்கே போவார்? வெள்ளிக்கிழமை எங்களை நிறுத்துவார். திங்கட்கிழமை அதே கதிரையில் புதிதாய் இருத்துவார். முதலில் எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து செய்தால்தான் விலகும்போது பணிக்கொடை கிடைக்கும் என்று பக்கத்துக் கதிரை அக்கா சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இப்படியே போனால் நான் கிழவியானாலும் ஐந்தைத் தொடப்போவதில்லை.

சலுகைக்கு ஏற்றபடி வேலை கொடுக்கிறார்களா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து அதிகாரி வருவார். அதற்கு முதல்நாள் மனேஜர் எங்களுக்கு ஒத்திகை வைப்பார்.

“பிள்ளையள், நாளைக்கு ஆறுதலா, மெதுவாச் செய்யுங்கோ. நீங்கள் புது ஆக்கள். நண்டைக் கண்டு கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தால் இன்னும் நல்லம்.”

பேசாலைக் கடற்கரையில் பிறந்தவள் அவித்த நண்டுக்குப் பயப்படுவதா!

ஐந்தாம் முறை நான் சேர்ந்தபோது அதிகாரியாய் வந்த மிஸ் என் மேசையருகில் நின்றார். மெதுவாகத்தான் தொடங்கினேன். கை கேட்டால்தானே? ஓட்டைப் பிரித்து, காலை முறித்து, சதையை முழுசாய் உருவி, அடுத்த நண்டுக்குப் போய்விட்டது. அவருக்குப் பின்னால் நின்ற மனேஜர் மெதுவாக, மெதுவாக என்று சைகை காட்டினார். பதற்றத்தில் எனக்கு வேகம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

“எப்ப வேலைக்குச் சேர்ந்தீங்க?” என்றார் மிஸ்.

போன கிழமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொல்லாத கோபம் வந்தது.

“நாலு வருசம், மிஸ். இஞ்ச எல்லாரும் பழைய ஆக்கள்தான்.”

அக்கா மேசைக்கடியில் என் காலை நன்றாக மிதித்தார். மிஸ் மனேஜரைக் கந்தோர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அடுத்த கிழமை மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். இனி ஒருவரையும் நிறுத்துவதில்லை, எல்லோரும் நிரந்தரம் என்றார். கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன்.

“அப்ப என்ர நாலு வருசம், சேர்?”

“அதை விடுங்கோ பிள்ளை. சேவை இண்டையில இருந்துதான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடே, “விடமாட்டன், சேர்” என்றேன்.

மனேஜர் மற்றவர்களைப் பார்த்தார். அக்கா எழும்பினார்.

“எனக்கு ஏழு வருசம்,” என்றார்.