வெள்ளைக் கோழிகளின் கருணை

அறுபதுகளின் கடைசியில் அப்பா இரும்புலியூரில் வீடு கட்டியபோது சுற்றிலும் முட்காடுதான். மனை போட்டு விற்றவர் மட்டும் அதற்கு ‘நகர்’ என்று பெயர் வைத்திருந்தார். அந்த நகரில் நாங்கள் ஒரு குடும்பம், எதிரே கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் குடும்பம், மற்றவை பாம்புகள். பாம்புகள்தான் பெரும்பான்மை.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர். கொசுவை அடித்தால்கூட ஒரு கணம் வருத்தப்படுவார், பிறகு அடுத்ததை அடிப்பார். அம்மாவுக்கோ பிள்ளைகள் சத்தில்லாமல் இளைத்துப்போகிறோம் என்ற கவலை. முட்டை தின்றால் தேறிவிடுவோம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். படப்பைப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து ஏழு வெள்ளை லெகார்ன் கோழிகள் பஸ் கூரையில், கூடைக்குள் உட்கார்ந்து வந்து சேர்ந்தன. அப்பா கொல்லையில் மரச்சட்டமும் கம்பி வலையுமாக ஒரு கூண்டு செய்தார். தரை மண்தரைதான். கோழிக்கு எதற்கு சிமெண்ட் என்று நினைத்திருக்க வேண்டும்.

வீடு கட்டி மீந்த கருங்கல் குவியலில் ஒரு கீரி குடியேறியது. அப்பா கம்பை எடுத்துக்கொண்டு போனார். பேராசிரியர் எதிர் வீட்டிலிருந்து ஓடிவந்து தடுத்தார்.

“அடிக்காதீங்க சார். கீரி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வராது. இயற்கையே உங்களுக்கு ஒரு வாட்ச்மேனை அனுப்பியிருக்கு.”

சம்பளமில்லாத வாட்ச்மேன் என்றதும் அப்பா கம்பைக் கீழே போட்டார்.

ஒரு மத்தியானம் நீளமான சாரைப்பாம்பு ஒன்று அந்தக் கல் குவியலை நோக்கிப் போயிற்று. சண்டை பார்க்க நாங்கள் எல்லோரும் ஜன்னலில் கூடிவிட்டோம். பேராசிரியரும் வந்து நின்றார். கீரி வெளியே வந்து பின்னங்காலில் எழுந்து நின்று பாம்பைப் பார்த்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டது. உள்ளே போய்விட்டது. பாம்பும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது.

“அதுக்கு இப்பப் பசி இல்லை போல” என்றார் பேராசிரியர்.

“எப்ப சார் பசிக்கும்?” என்று அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை பசித்தது. நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், கூண்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டி ஒரு வழி. உள்ளே நான்கு கோழிகள் கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடந்தன. ஒன்றுக்குத் தலையே இல்லை. மற்ற மூன்றையும் கீரி தின்னக்கூட இல்லை. சும்மா கொன்று போட்டிருந்தது. ஐந்தாவதற்கு முதுகில் காயம், உயிர் இருந்தது. மீதி இரண்டும் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

பேராசிரியர் வந்து விளக்கினார். “அடைச்ச இடத்துல இரை பறந்துகிட்டே இருந்தா அதுக்கு நிறுத்தத் தெரியாது. இன்ஸ்டிங்ட் சார்.”

“பாம்பைப் பார்த்தப்ப மட்டும் நல்லாவே நிறுத்தத் தெரிஞ்சுதே சார்.”

அந்த நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வந்து கூடையை இறக்கினார். அம்மா அழுதுகொண்டிருந்தார்.

“இன்னாம்மா இது, இத்தினி கோயி செத்துக் கீது? அயுதுகினு இருந்தா நாறிப் பூடும். கடிச்ச எடத்தை அறுத்துப் போட்டுட்டு ஆக்கிடு” என்றவர், கொஞ்சம் யோசித்து, “இன்னிக்கு எங்கையில மீன் வாங்க மாட்டே. அதான் பேஜாரு. எனக்கு ஒண்ணு குடு” என்றார். இருந்ததில் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பில் வெந்நீர் வைத்தார். அழுதபடியே இறகு பிடுங்கினார். காயம்பட்ட கோழிக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினார். அப்பா கூண்டின் அடியில் கல் வைத்து அடைத்ததும் அம்மா அதை உள்ளே விட்டார்.

“கூடப் பொறந்ததுங்க பக்கத்துல இருந்தா அதுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

மசாலா வாசம் வீட்டை நிறைத்திருந்த நேரத்தில் நான் தண்ணீர் வைக்கக் கூண்டுக்குப் போனேன். கூடப் பிறந்த இரண்டும் நோயாளியின் இரண்டு பக்கமும் நின்றிருந்தன. ஆறுதல் சொல்லவில்லை. காயத்தைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. அலகெல்லாம் மஞ்சளும் ரத்தமும். காயம்பட்டது ஓடக்கூட இல்லை, தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். வெளியே எடுத்துக் கூடையில் படுக்கவைத்தோம். பொழுது சாய்வதற்குள் அது போய்விட்டது.

அம்மா அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டார். “கீரியாவது வேத்தாளு. இதுங்க ஒண்ணா வளர்ந்ததுங்களே” என்றார். அப்பா செத்ததைக் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சற்று நீளமாகவே இருந்தது. உணவுக்காக நன்றி சொன்னார். அது வந்த வழியைப் பற்றிப் பேசவில்லை. ‘ஆமென்’ முடிவதற்குள் என் தம்பியின் கை கோழிக்கால் துண்டுக்குப் போனது. அண்ணன் அவன் மணிக்கட்டைத் திருகினான். அந்தச் சந்தடியில் துண்டு என் தட்டுக்கு வந்தது. நானாகத்தான் எடுத்தேன்.

“எனக்கு வேணாம், பார்க்கவே முடியலை” என்று அம்மா ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார். நாங்கள் எழுந்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிட்டார். எலும்பைக் கடிக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டில் ஒன்று முட்டையிட்டிருந்தது. நல்ல பெரிய முட்டை. அம்மா அதை அவித்து அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் கூண்டுக்கு சிமெண்ட் தரை போடப்பட்டது, பேராசிரியரின் மேற்பார்வையில். அந்த இரண்டு கோழிகளும் வெகுநாள் கொழுகொழுவென்று வாழ்ந்தன. அம்மா ஒருநாளும் தீனி வைக்க மறந்ததில்லை. ஆனால் கையை உள்ளே நீட்டமாட்டார். வலைக்கு வெளியே நின்றே தூவுவார்.