பவுடர் பூசிய சுடர்

மணிமங்கலத்தில் எங்கள் தெருவுக்கு முதல் கேஸ் அடுப்பு வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். எண்பதுகளின் தொடக்கம், நான் புது மருமகள். நீல நெருப்பை மாமியார் நம்பவே இல்லை. "நீலமா எரிஞ்சாத்தான் நல்லதாம் அத்தே" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன்.

அவர் பழகி, விறகடுப்பில் வைத்துவந்த காலை டீயையும் கேஸுக்கு மாற்றிய முதல் நாளே, டீ கொதிக்கையில் சுடர் திடீரென்று ஆரஞ்சு நிறமானது.

"இன்னாடி இது, செவந்துபோச்சு! வெடிக்கப்போவுது!" மாமியார் தெருவுக்கே ஓடிவிட்டார்.

மறுநாள் காலையும் அப்படியே. மத்தியானம் சோறு வைத்தால் நீலம். தாம்பரத்திலிருந்து மெக்கானிக் மத்தியானத்தில் வந்து பற்றவைத்துப் பார்த்தார்.

"அடுப்பு நல்லாத்தான் கீதும்மா. உங்க கண்ணுதான்..."

"எங்க ரெண்டு பேருக்குமா கண்ணு போச்சு? காலைல வந்து பாருய்யா!" என்றார் மாமியார்.

வந்தார். அடுப்பெதிரே குந்தினார். சுடர் நீலமாகவே எரிந்தது. எனக்கு மானம் போனது. அப்போது மாமனார் குளித்துவிட்டு வந்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. பவுடர் இல்லாமல் படி இறங்கமாட்டார். வெளிச்சத்துக்காகக் கண்ணாடியைச் சமையலறை ஜன்னலோரம் மாட்டியிருந்தார். கழுத்து, மார்பு, அக்குள் என்று தட்டித் தட்டிப் பூச, அறையே வெள்ளைப் புகையானது. அடுப்பு சிவந்தது.

"சார்! உங்க பவுடர்தான்!" என்று மெக்கானிக் துள்ளினார். "அது எரியாது. கல்லு மாவு. நெருப்புல பூந்து சூடாயி மின்னுது, அவ்ளோதான்."

"விறகடுப்புல ஒண்ணும் ஆவலியே?"

"விறகு நெருப்பே அந்தக் கலர்தானே சார்!"

மாமனார் ஒப்பவில்லை. டீப் பாத்திரத்தை என்னை இறக்கச் சொல்லி, தானே சோதிக்க டப்பாவைச் சுடர்மேல் கவிழ்த்துத் தட்டினார். மூடி கழன்றது. மொத்தப் பவுடரும் பர்னர்மேல் கொட்டி, சுடர் பொசுக்கென்று அணைந்தது. மெக்கானிக் பாய்ந்து சிலிண்டரை மூடினார்.

"கொஞ்சம் வுழுந்தா செவக்கும். கொட்டினா சூட்டையெல்லாம் இழுத்துகினு அணைச்சிடும்" என்றார் மெக்கானிக், மீசை முழுக்க வெள்ளையாக.

மாமியார் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "கேஸு பாவம்டி. இந்த மனுஷன்தான் வில்லங்கம்!"

கண்ணாடி கிணற்றடிக்குப் போனது. மறுநாள் மாமனார் புது டப்பாவோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அங்கே நின்று பூசினார். அன்று நல்ல காற்று. பாதிப் பவுடர் பக்கத்து வீட்டு எருமையின் மேல் படிந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து அந்த வீட்டம்மா கேட்டார்: "இன்னாண்ணே, இதையும் டூட்டிக்கு இட்டுகினு போறீங்களா?"