விரல் ரேகையும் ஆறு தந்திகளும்

கனமாக ஒன்று, அதன் முதுகில் ஏறிக்கொண்டு மெலிதாக மூன்று. சாமல்பட்டி ஸ்டேஷனில் கிராசிங்குக்காக நின்ற சரக்கு வண்டியின் கார்டு பெட்டியிலிருந்து அந்த ஓசை வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கார்டு ஒரு கிதாரை மடியில் சாய்த்து, எங்கேயோ பார்த்தபடி விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். சிக்னல் விழுந்தது, வண்டி போய்விட்டது. ஐம்பத்தெட்டு வருடம் கழித்து, கல்லூரி நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் பேச ஆளில்லாமல் போன பிறகு, ஓசூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடக்கும் கிதார் வகுப்பில் சேர்ந்தேன்.

கிதார் பழகுவது விசித்திரமான தொழில்: முதல் ஆறு மாதம் பாட்டு வராது, தோல்தான் உரியும். இடது கை விரல்கள் தந்தியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போகும். இதைப் படிக்கிற நீங்களும் கிதார் பழகுகிற கூட்டம் என்றால், விரல் நுனியை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

கீழ்க் கடை

எங்கள் மாஸ்டர் மஞ்சுநாத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பகலில் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். தந்திகளை மொத்தமாக மேலும் கீழும் வருடித் தாளம் போடுவதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நான் முழங்கையிலிருந்து ஆட்டினேன். "அம்மா, மாவாட்ட வேணாம். கை கழுவிட்டு துண்டு கிடைக்கலன்னா எப்படி உதறுவீங்க? அப்படி, மணிக்கட்டுலருந்து. ஸ்வல்ப லூசா" என்றார்.

உதறினேன். ஏதோ வந்தது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அரை மணி நேரம் நிறுத்தாமல் உதறினேன். கடைக்காரர் சமது பாய் அளவு டேப்பைக் கையில் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்தார். கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கீழ ஒருத்தர் ரம்பம் வாங்க வந்திருக்காரு. இந்தச் சத்தம் வர்ற ரம்பம்தான் வேணும்ங்கறாரு."

உயிரோடு இருப்பதற்குச் சான்று

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விரல் ரேகை வைத்து, உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். ரேகை பதிகிற கடைக்குப் போனேன். வலது கையின் ரேகையை வயது தின்றுவிட்டிருந்தது. இடது கை நுனிகளில் தந்தி போட்ட கோடுகள்தான் இருந்தன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். எதுவும் பதியவில்லை.

இடது விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது. "இந்த வயசுல கை இப்படித் தேயற வேலைக்குப் போறீங்களேம்மா, வீட்ல பாத்துக்க யாரும் இல்லீங்களா?"

கேட்டில் சிவப்பு

என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது போதும். என்னோடு கிதார் பழகிய முத்துச்செல்விக்கு நடந்தது வேறு. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்து நான்கு வயது. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை, பெண்கள் ஹாஸ்டலில் தங்கல். வகுப்பில் அவளைப் போல் தந்தியை அழுத்துகிறவர் இல்லை. அசெம்பிளி லைனில் நாளெல்லாம் வலது கையால் ரசாயன மருந்து தொட்டுப் பாகங்களைத் துடைப்பதால் அந்தக் கையில் ரேகை நிற்காது. அதனால் அட்டெண்டன்ஸ் மெஷினில் அவளுடைய இடது ஆள்காட்டி விரலைத்தான் பதிந்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை கம்பெனி கேட்டில் மெஷின் சிவப்பு காட்டியது. செக்யூரிட்டி நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். ஆனால் கம்ப்யூட்டரில் அவள் வரவில்லை. இரண்டு வாரத்தில் அப்படி நான்கு நாள். இன்னும் இரண்டு மாதத்தில் யார் யார் நிரந்தரம் என்று பட்டியல் ஒட்டப்போகிறார்கள். ஐந்து ஆப்சென்ட் விழுந்தால் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் வேலையை விட்டு ஊருக்கு வரவேண்டும், மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். வேறு விரலைப் பதியுங்கள் என்று ஆபீசில் போய் நின்றாள். பட்டியல் முடிந்துதான் அதெல்லாம் என்ற அதிகாரி, அவள் விரலைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "லைன்ல இந்த விரலுக்கு வேலையே கிடையாதேம்மா, எங்க கொண்டுபோய்த் தேச்சிட்டு வர்ற?"

இடது கைக்கு லீவு

அன்று சாயங்காலம் அவள் உறையைக்கூடக் கழற்றாமல் கிதாரோடு வந்து நின்றாள், விடைபெற்றுப் போக. மஞ்சு சார் உறையைக் கழற்றினார். கிதாரை வாங்கி, முறுக்காணிகளைத் திருகி, சில தந்திகளைத் தளர்த்தினார். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டும் வருடினார். எதையும் அழுத்தாமலே முழுசாக ஒரு நாதம் எழுந்தது. "ரெண்டு மாசம் இடது கை மடியில தூங்கட்டும். வலது கைக்குத்தான் இனிமே பாடம்" என்றார். எனக்கும் ரேகை வளர வேண்டியிருந்தது. நானும் சேர்ந்துகொண்டேன்.

பெருந்தந்திகள் மூன்றும் கட்டைவிரலுக்கு. சிறு தந்திகளில் ஆள்காட்டிக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று, மோதிர விரலுக்கு ஒன்று. யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. போனில் டிக் டிக்கென்று தாளம் வைத்து, எறும்பு ஊர்கிற வேகத்தில் ஆரம்பித்தோம். அப்போதுதான் தெரிந்தது: இத்தனை மாதமும் இடது கையைத் திட்டிக்கொண்டிருந்தோம், படிப்பறிவில்லாமல் இருந்தது வலது கை. கட்டைவிரலை அசைத்தால் மூன்று விரலும் கூடவே எழுந்து நின்றன. முத்துச்செல்வி தன் கையையே வெறித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தன நாளும் இத சோறு அள்ளத்தான் வச்சிருந்தோமா, ஆச்சி?"

கட்டைவிரல் நடந்தது

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை. கட்டைவிரலின் தட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தவள், எண்ண மறந்துபோனேன். மறந்தும் அது நிற்கவில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மற்ற மூன்றும் அதன் கூடப் பேசிக்கொண்டே வந்தன. சாமல்பட்டியில் கேட்ட அதே ஓசை. முத்துச்செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கையிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. இருவருக்கும் மூச்சு விடப் பயம். விட்டால் கலைந்துவிடுமோ என்று. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு, போனில் வைத்த தாளம் ரொம்பப் பின்தங்கியிருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சமது பாய். கையை எடுக்கப் போனேன். அவர் மேல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "நிறுத்தாதீங்கம்மா. ரம்பம் வாங்கறவரு போயிட்டாரு."

பச்சை

கேட்டில் பச்சை விழுந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பதாக முத்துச்செல்வி சொல்லியிருந்தாள். தினமும் ராத்திரி அந்த விரலில் தேங்காய் எண்ணெய் தடவினாள். காலையில் மெஷின் முன்னால் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் பச்சை விழுந்தது. ஆறு மணிக்கு முன்னால் என் போன் ஒரு முறை அடித்து ஓயும். அதற்குப் பிறகுதான் நான் காபி போடுவேன். என் ரேகையும் ஒரு வழியாகப் பதிந்து, நான் உயிரோடிருப்பது உறுதியானது. அதைவிட அந்த மிஸ்டு காலைத்தான் பெரிதாக நினைத்தேன்.

பட்டியலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு நாள் போன் அடிக்கவில்லை. ஆறரை ஆனது, ஏழு ஆனது. கிதாரை எடுத்தேன், கை ஓடவில்லை. காபி போடவில்லை. ஐந்தாவது ஆப்சென்ட் விழுந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். டீ பிரேக்கில் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். "பச்சதான் ஆச்சி. என் போன்லதான் சார்ஜ் இல்ல."

பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயர் அவளுடையது. அந்த நான்கு நாளுக்கு மேல் ஒன்றுகூட விழவில்லை. கடிதம் வாங்கப் போனபோது அதே அதிகாரி, விரல் சரியாகிவிட்டதே, அந்தத் தேய்க்கிற வேலையை விட்டுவிட்டாயா என்று கேட்டாராம். இவள் சொன்ன பதில்: "விடல சார், கைய மாத்திக்கிட்டேன்."

முத்துச்செல்வி இப்போது நிரந்தரம். ஷிஃப்ட் மாறியதால் வகுப்புக்கு வர முடிவதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலில் ஆறு பெண்களுக்குக் கிதார் சொல்லிக்கொடுக்கிறாள், அவர்களில் ஒருத்தியும் இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதால் இடது கையைத் தந்தியில் வைக்க விடுவதில்லை.