நிமிராத நங்கூரம்

அல்பேட் நல்ல கடற்காரன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. சாராயம் குடிப்பான். கறியில் உப்புக் கூடினால் சட்டியைத் தூக்கி முற்றத்துக்கு எறிவான். நத்தார்ப் பண்டிகைக்கும் பெரிய வெள்ளிக்கும் தவிர கோயில் வாசலை மிதிக்கமாட்டான். ஆனால் போட்டில் கால் வைத்துவிட்டால் வேறு ஆள். கற்பிட்டிக் கடலில் எந்தப் பார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பார் என்றால் கடலடிக் கல். மீன் அங்கேதான் கிடக்கும், வலையைக் கிழிப்பதும் அங்கேதான்.

சண்டைக் காலம் முழுக்க நேவிக்காரனிடம் பாஸ் காட்டி, அவன் விட்ட நேரம் போய், சொன்ன நேரம் திரும்பி, அரைவயிறாகக் கிடந்த சனம் அது. சண்டை முடிந்தது, கடல் திறந்தது. எல்லாருக்கும் திறந்த கடல் அல்பேட்டுக்கு மட்டும் மூடிக்கொண்டது. வலை இழுத்துக்கொண்டு நின்றவன், அடிமரம் அறுந்த தென்னைபோலப் போட்டுக்குள் விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. தம்பி கிளைட்டன் அவன் நெஞ்சில் ஏறி இருந்து அமத்திப் பிடித்துக்கொண்டுதான் கரைக்கு வந்தான்.

காக்காய் வலிப்பு. சிலாபத்து ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்து, கூடவே புத்தியும் சொல்லி அனுப்பினார்கள். தண்ணீருக்குக் கிட்டப் போகாதே, நெருப்புக்குக் கிட்டப் போகாதே, உயரத்தில் ஏறாதே. வீட்டுக்கு பஸ் ஏறினார்கள். பஸ் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்பியதும் அல்பேட் பெண்சாதி யூஜினியிடம் கேட்டான்.

"அப்ப நான் எங்கதான் போறது?"

யூஜினிக்கு வாய் நீளம். யார் என்ன கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பாள். அன்றைக்குக் குளிசைப் பையை மடியில் கொட்டி எண்ணத் தொடங்கினாள்.

அதன்பிறகு எந்தப் போட்டும் அவனை ஏற்றவில்லை. ஏற்றாதவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வலிப்புக்காரனைக் கொண்டுபோனால் மீனைப் பிடிப்பதா, அவனைப் பிடிப்பதா? அவனுடைய போட்டு 'அன்னம்மாள்' கிளைட்டன் கைக்குப் போனது. கிளைட்டன் நல்லவன். கறிக்கு மீன் ஒருநாளும் தவறாமல் வரும். அந்த மீனைத்தான் அல்பேட்டால் விழுங்க முடியவில்லை. சட்டி எறிவதையும் விட்டான். ஒரு வருசம் பலாமரத்தடியில் குந்தியிருந்து கோழியை ஏசினான். யூஜினி கோயிலுக்குப் போய், போட்டுக்குப் பெயர் கொடுத்த புனித அன்னம்மாள் முன்னால் முழந்தாளிட்டாள். அவள் கேட்டது ஒன்றுதான்: இந்த மனுசன் கையால் செய்த ஏதாவது ஒன்று திரும்பக் கடலுக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் இவன் இப்படியே இருந்து மண்ணாகிவிடுவான்.

அப்போதுதான் கிளைட்டன் வாங்கிக் கொடுத்த போனில் ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கொல்லையில் இரும்பு அடிக்கிற படம் வந்தது. பாஷை விளங்காது. விளங்கத் தேவையும் இல்லை, கை பேசியது. அல்பேட் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"இஞ்ச யூஜினி, இது ஏலும் எனக்கு."

"நெருப்புக்குக் கிட்டயும் போகப்படாதெண்டு சொன்னது காதில விழல்லியோ?"

"தண்ணிய விட்டுட்டன். நெருப்பையும் விட்டா மிச்சம் என்ன, மண்ணா? மண்ணுக்குப் பிறகு போகத்தானே போறன்."

கற்பிட்டியில் பழைய இரும்பு வைத்திருந்த செய்னுலாப்தீனிடம் போனார்கள். ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன்; பெரிய பகிடிக்காரர்.

"என்ன அல்பேட், கடல வித்துட்டு இரும்பு வாங்க வந்தியா?"

"பட்டறை போடப் போறன் காக்கா."

"நீயா? ஒனக்கு இழுத்தா யாரு ஒன்ன அடுப்புக்குள்ளேருந்து எடுக்கிறது?"

"நான் எடுப்பன்," என்றாள் யூஜினி. "நீங்க இரும்ப எடுங்க."

தண்டவாளத் துண்டு ஒன்று, லொறிச் சில்லின் ரிம் ஒன்று, முறிந்த லொறி வில்லுத்தகடு ஒரு கட்டு. கருவாடு கொடுத்து ஏற்றி வந்தார்கள். ரிம்முக்குள் களிமண் பூசினால் உலை. தண்டவாளம் பட்டடைக்கல். பழைய சைக்கிள் சில்லொன்றைச் சுற்றினால், பட்டி ஓடி, தகர டின்னுக்குள் விசிறி சுழன்று காற்று ஊதும். சுற்றுகிறவள் யூஜினி. தேங்காய்ச் சிரட்டைக்கரிக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை.

விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு அவளே வழி கண்டாள். போட்டுக் கயிற்றில் ஒரு முழுத் துண்டு எடுத்து அவன் இடுப்பில் கட்டினாள். மறு தலைப்பைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். வலது கை சில்லைச் சுற்றும், இடது கை புருசனைப் பிடித்திருக்கும். கண் அவன் முகத்தைவிட்டு எடுபடாது. இழுக்கப் போகிறதென்றால் அவனுக்கு முதலில் இடப்பக்க உதடு துடிக்கும். அது அவளுக்குத்தான் தெரியும்.

ஊர் சிரிக்காமல் இருக்குமா? வேலிக்கு அந்தப் பக்கத்தால் போகிறவளெல்லாம் ஒரு கதை விட்டுப் போனாள்.

"என்ன யூஜினி, மாட்ட அவிழ்த்து மேயவிடல்லியா இண்டைக்கு?"

"உன்ர மாடு கள்ளுத் தவறணையில மேயுது, போய்ப் பிடிச்சுக் கட்டடி முதல்ல!"

வேலை சும்மா வந்துவிடவில்லை. முதல் கத்திக்கு நெருப்பை அளவுக்கு மிஞ்சி ஏற்றிவிட்டான். இரும்பு மத்தாப்புப்போலப் பொரிந்து நுனி உருகி ஒழுகியது. அடுத்ததைச் சிவக்கக் காய்ச்சி, களப்பில் அள்ளிய உப்புத் தண்ணீர் வாளிக்குள் விட்டான். 'டிக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் நடுவில் வெடிப்பு. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு வாளியில் வேறு என்ன தண்ணீர் கிடைக்கும்? கிணற்றுத் தண்ணீரிலும் வெடித்தது. பிறகு போனில் எண்ணெய்க்குள் விடுவதைக் கண்டுவிட்டு, கேளாமல் கொள்ளாமல் யூஜினி ஆட்டுவித்து வைத்த தேங்காய் எண்ணெயை வாளியில் கவிழ்த்தான்.

"நாசமாப் போவான்! கறிக்கு என்னத்த ஊத்துவன், உன்ர மூத்திரத்தையா?"

"வெடிக்கல்ல யூஜினி! பார், வெடிக்கல்ல!"

அவள் பார்த்தாள். வெடிக்கவில்லை. அவன் முகத்தையும் பார்த்தாள். போய் அரைப்போத்தல் எண்ணெயை அயலில் கேட்டு வாங்கிச் சமைத்தாள்.

ஒருமுறை இழுத்தது. உதடு துடித்ததை அவள் கண்டாள். கண்டு கயிற்றைச் சுண்டுவதற்குள் முழங்கை ரிம்மில் பட்டுவிட்டது. இழுத்து மணலில் போட்டு, சரித்துப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கண் திறந்ததும் அவன் கேட்ட முதல் கதை, "இரும்பு எங்க?" எரிந்த கையைக் கேட்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக இரும்பின் நிறம் பிடிபட்டது. தெம்பிலித் தேங்காயின் செம்மஞ்சள் நிறம் வந்தால் அடிக்கலாம், அதற்குக் கீழே போனால் அடிக்கக்கூடாது. கத்தி வந்தது. கதவுக் கொளுக்கி வந்தது. ஆனால் கத்தியும் கொளுக்கியும் கடைச் சாமான், கடலுக்குப் போகிற சாமான் இல்லையே. அவனுக்கும் அதே எண்ணம்தான் என்று யூஜினிக்குத் தெரியும். கரையில் நங்கூரம் தட்டுகிற சத்தம் கேட்டால் சுத்தியலை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பான்.

அந்தக் கரையில் நங்கூரம் என்பது கட்டடக் கம்பி நாலை ஒன்றாகச் சேர்த்து நுனிகளைக் கொளுக்கியாக வளைத்ததுதான். பாரில் போட்டு இழுத்தால் கொளுக்கிகள் நிமிர்ந்துபோய் வரும். கரைக்கு வந்ததும் தென்னங்குற்றியில் வைத்துத் தட்டித் தட்டி மறுபடி வளைப்பார்கள். தட்டுகிறவன் வாயில் நல்ல வார்த்தை வராது. அவனுடைய அப்பனும் அப்படித்தான் ஏசித் தட்டினான். "இது நங்கூரமா, இடியப்பமா?" என்று கிளைட்டன் தினமும் கத்துவான். பிறந்த நாள் முதல் அந்த வசவைக் கேட்டு வளர்ந்தவன் அல்பேட். தானும் ஏசினவன். இந்தக் கரைக்கு வேண்டியது நிமிராத நங்கூரம் என்று அவன் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

லொறி வில்லுத்தகட்டை நீளத்தில் பிளந்து நாலு கை அடித்தான். ஒவ்வொன்றையும் கொளுக்கியாக்கி, காய்ச்சி, எண்ணெயில் விட்டு முறுக்கேற்றினான். தடித்த இரும்பு வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, நாலு கையும் சேர்கிற இடத்தில் மாட்டி, ஆறவிட்டான். ஆறினதும் வளையம் சுருங்கிப் பிடித்த பிடியைப் பிசாசாலும் கழற்ற முடியாது. யூஜினியின் தோள் சில்லுச் சுற்றிச் சுற்றி வீங்கியிருந்தது. கையை மாற்றிக்கொண்டு சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கரையில் சோதித்தார்கள். ஒரு கொளுக்கியைத் தென்னையில் மாட்டி, கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுத்தார்கள். கிளைட்டன் இழுத்தான், கூடக் கடலுக்குப் போகும் ஹமீட் இழுத்தான், சிரித்துக்கொண்டு வந்தவனெல்லாம் இழுத்தான். தென்னைதான் ஆடியது. கொளுக்கி அசையவில்லை.

"அல்லாஹ்வே!" என்றான் ஹமீட். "இத பார்ல போட்டா பாரே கழண்டு கரைக்கு வந்துரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அல்பேட்டும் சிரித்தான். கடல் மூடின பிறகு அவன் கடற்கரையில் நின்று சிரித்தது அன்றைக்குத்தான். கிளைட்டன் பழைய கம்பி நங்கூரத்தைப் போட்டிலிருந்து தூக்கி மணலில் எறிந்தான்.

"இனி இந்த இடியப்பம் வேணாம். அண்ணன்ர நங்கூரம்தான்."

யூஜினி அன்றைக்குக் கோயிலில் அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். கேட்டது கிடைக்கிறபோது பயப்பட வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அந்த வாரமே ஒருநாள் பின்னேரம் காற்று மாறியது. போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஏறின. அன்னம்மாளைக் காணவில்லை. அல்பேட் கரைக்கு ஓடினான், யூஜினி பின்னால் ஓடினாள். கடைசியாக வந்த கற்பிட்டிப் போட்டொன்றில், வேறு யாருடைய சாறத்தையோ சுற்றிக்கொண்டு, கிளைட்டனும் ஹமீட்டும் இறங்கினார்கள். உயிர் இருந்தது. போட்டு இல்லை.

ஹமீட்தான் சொன்னான். கிளைட்டன் மணலில் குந்திவிட்டான்.

"நங்கூரத்த பார்ல போட்டுட்டு நிண்டோம். அலை பெருத்திச்சு, எடுப்பம் எண்டு இழுத்தா வருதில்ல. கல்லுக்குள்ள கொளுவிட்டு. இஞ்சினப் போட்டு முன்னுக்கு இழுத்தோம், பின்னுக்கு இழுத்தோம். கம்பி எண்டா ஒரு இழுவையில நிமிர்ந்து வந்துரும். இது வருதில்ல. கயிறு இறுகி, போட்டுட முன்தலையக் கீழ பிடிச்சிட்டு, அலைக்கு எழும்ப விடுதில்ல. வெட்டுடா கயித்த எண்டன். இவன் வெட்ட மாட்டானாம்."

"அண்ணன் செஞ்சது எண்டு..." என்றான் கிளைட்டன். "இன்னொருக்கா இழுத்துப் பாப்பம் எண்டு நினைச்சன். அதுக்குள்ள மூண்டு அலை சேந்து வந்துட்டு."

அப்பன் பாட்டன் எல்லாரும் நாள்தோறும் ஏசிய ஏச்சு அந்த இடத்தில்தான் எல்லாருக்கும் விளங்கியது. கம்பி நிமிர்வதுதான் போட்டைக் கரைக்குக் கொண்டுவந்தது. குற்றியில் வைத்துத் தட்டின தட்டு, உயிரோடு வந்தவன் தட்டின தட்டு. ஒருவனும் அதை வாய்விட்டுச் சொல்லி வைக்கவில்லை. ஏசத்தான் தெரிந்தது.

அல்பேட் தம்பியைப் பார்த்துக் கேட்டான்:

"அப்ப, நிமிரவே இல்லியா?"

"நிமிரவே இல்ல அண்ண."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். வேறு யாரும் காணவில்லை, யூஜினி கண்டாள். அவன் முகத்தைப் பார்த்திருப்பதுதானே அவள் வேலை. அடுத்த நேரம் அந்த வெளிச்சம் போய், தான் என்ன கேட்டோம் என்பது அவனுக்கே விளங்கி, முகம் சாம்பலாகிப் போனது. இடப்பக்க உதடு துடித்தது. அவள் பாய்ந்து பிடிக்கப் பார்த்தாள். கையில் கயிறு இல்லை. ஈர மணலில், இத்தனை பேர் முன்னால் விழுந்து கிடந்து இழுத்தான்.

யாரும் அவனை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. கிளைட்டன் அடுத்த மாதம் சிலாபத்து மீன் சந்தைக்குப் பெட்டி தூக்கப் போனான். போகும்போது வந்து, "உங்களில பிழை இல்ல அண்ண" என்று சொல்லிவிட்டுப் போனான். கடற்காரன் மீன் பெட்டி தூக்கப் போகிறான், பிழை இல்லையாம். அதன்பிறகு கறிக்கு மீன் வருவதும் நின்றது.

உலை மூட்டவில்லை. ரிம்முக்குள் மழைத் தண்ணீர் நின்று கொசு முட்டையிட்டது. தண்டவாளத்தில் உப்புக்காற்றுப் பட்டுத் துரு தடித்தது. செய்னுலாப்தீன் ஒருநாள் வந்து பார்த்தார்.

"இரும்பத் திரும்ப எடுக்கவா அல்பேட்? சும்மாதானே கிடக்கு."

"எடுங்க காக்கா."

பகிடிக்காரர் பகிடி ஒன்றும் சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போனார்.

மாரி முடிந்த ஒரு காலையில் அல்பேட் கயிற்றைத் தானே தேடி எடுத்து வந்து யூஜினியிடம் நீட்டினான்.

"கட்டு."

"என்னத்துக்கு? உலையே இல்லியே."

"கட்டு எண்டுறன்."

கட்டினாள். அவன் பட்டறைப் பக்கம் போகவில்லை. படலையைத் திறந்துகொண்டு கரைக்கு நடந்தான். அவள் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். வேலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள் இந்த முறை சிரிக்கவில்லை. அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, பார் கிடக்கிற பக்கம் பார்த்தான். அங்கே அன்னம்மாள் கிடக்கும். அவன் நங்கூரம் இப்போதும் அதை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். நல்ல வேலை. அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

வெயில் ஏறியது. யூஜினிக்குக் கால் உளைந்தது.

"போதும், வாங்க. சோறு வைக்கோணும்."

அவன் திரும்பவில்லை. அவள் கயிற்றைச் சுண்டினாள். வந்தான். வராமல் எங்கே போவான்?