பேட்டரிக்கு இட்ட சந்தனம்

என் வீட்டுக்காரர் ஆபீஸில் பேனா பிடிக்கிற மனுஷர். அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று காலையில் மெக்கானிக் அவதாரம் எடுத்துவிட்டார். எங்கள் செகண்ட் ஹேண்ட் காரின் பேட்டரி முனைகள் பச்சையாகப் பூத்திருந்தனவாம். வயரைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். அதோடு விட்டாரா? "வண்டிக்கு உயிரே இதுலதான்" என்று இரண்டு முனையிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, அதன்மேலேயே வயரை மாட்டி முறுக்கினார். பிறகு ஸ்பானர், புஸ்தகம், அரிவாள்மணை எல்லாம் பூஜையில் ஏறிவிட்டன. மறுநாள் புனர்பூஜை முடிகிறவரை ஒன்றையும் தொடக்கூடாது. மலையாள தேசத்தில் நாங்கள் குடியிருந்த ஸ்ரீவராகத்தில் தெரு முழுக்க அதுதான் வழக்கம்.

சாயங்காலம் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. நாலு வயசு மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. வழக்கமான மருந்து கேட்கவில்லை. மூச்சுக்கு மூச்சு விலாவில் தோல் உள்ளே போனது. டெலிபோன் செத்துக் கிடந்தது. அக்கம்பக்கம் எல்லாரும் நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிக்குப் போயிருந்தார்கள். ஆட்டோக்களும் பூஜைக்கு நின்றுவிட்டன. எங்களுக்கு இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

சாவியைத் திருகினார். 'டக்' என்றது. மறுபடியும் அதே 'டக்'.

"காலம்பற எல்லாம் தொடச்சுதானே வெச்சேன்!"

"நீங்க தொடைக்கறவரைக்கும் ஓடிண்டுதானே இருந்தது!" என்று கத்தினேன். குழந்தை என் தோளில் கிடந்தாள். அவர் பானெட்டைத் தூக்க, ஒரு கையால் டார்ச் அடித்தேன். வயருக்கும் முனைக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

"என்னன்னா இது?"

"சந்தனம்டி" என்றார்.

கையால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஸ்பானர் இல்லாமல் ஆகாது. "எடுத்துண்டு வாங்கோ" என்றேன். மனுஷர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"பூஜைல வெச்சதை எப்படிடி எடுக்கறது? கொழந்தை ஏற்கெனவே இப்படி இருக்கா..."

பிடிவாதமில்லை, பயம். எனக்கும் அதே பயம்தான். எடுத்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அப்போது இழுப்புச் சத்தம் நின்றது. "நின்னுடுத்து பாரு!" என்று அவர் முகம் மலர்ந்தார். நான் அவளைத் தோளிலிருந்து நிமிர்த்தினேன்; தலை துவண்டு விழுந்தது. சத்தமும் அடங்கி குழந்தையும் துவண்டால் ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். டார்ச்சைத் திருப்பினேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். "தாயே, தண்டிக்கணும்னா என்னைத் தண்டி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஸ்பானரை உருவினேன். பூவெல்லாம் சிதறியது. குழந்தையைப் பின் சீட்டில் கிடத்திவிட்டு அவர் முனைகளைக் கழற்ற, நான் புடவைத் தலைப்பால் அழுந்தத் துடைத்தேன். திரும்ப மாட்டியதும் வண்டி உறுமிக் கிளம்பியது.

ஆஸ்பத்திரி போகும் வழியில் பழவங்காடியில் தண்ணீர் தேங்கி நின்றது. பிள்ளையார் கோயிலைப் பார்த்ததும் அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையெடுத்தார். "ஸ்டியரிங்கைப் பிடிங்கோ!" என்று அலறினேன். மடியில் கிடந்தவள் அசையவேயில்லை. ஸ்பானர் இன்னும் என் கையிலேயே இருந்தது. நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன் என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை வாங்கிப் படுக்கவைத்து முகத்தில் மாஸ்க்கை மாட்டினார்கள். எவ்வளவு நேரமோ தெரியாது. திடீரென்று காலை உதைத்து, வார்டே விழிக்கும்படி வீறிட்டாள்.

"கரயண்டா மோளே" என்று அழாமலிருக்கச் சொல்லி நர்ஸ் தட்டிக்கொடுத்தாள்.

"அழட்டும் சிஸ்டர்" என்றேன். "நன்னா அழட்டும். நிறுத்தச் சொல்லாதீங்கோ."